பின்னால் கட்டிய கைகள்

என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கிறாள் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது கனகமணி டீச்சர்தான். போன வருஷம், எங்கள் சபை அசனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அன்றைக்கு. அசனம் என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பண்டிகை முடிந்து சபை ஜனம் முழுக்க ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் அது பெரிய விசேஷம். அதற்குக் காய் நறுக்க உட்கார்ந்தால் ஊர்ச் செய்தி எல்லாம் வந்துவிடும். ஜெபக் கூட்டத்தில் தெரியாததுகூட அங்கே தெரிந்துவிடும்.

"உங்க எப்சியைப் பாத்தேன்," என்றார்கள் டீச்சர். "எங்க ஸ்கூல்ல, அந்த ரோபோ ரூம்ல. பிள்ளைங்க பூராவும் தரையில கிடந்து வேலை பாக்குது. இவ கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கா. கலெக்டர் பார்வையிட வந்த மாதிரி."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்காவிட்டால் வருத்தம் என்று தெரிந்துவிடும் அல்லவா. ஆனால் அதற்கப்புறம் என் கத்தரிக்காய் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத்தான் விழுந்தது.

இந்த டப்பா உங்களுக்கு இடிக்கிறதா தங்கச்சி? கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். கீழே வைக்க மாட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் மதுரையில்தானே இறங்குகிறீர்கள், நேரம் இருக்கிறது. ரயில் கோவில்பட்டியை இப்போதுதான் தாண்டியது.

அதோ ஜன்னலோரம் பச்சைச் சுடிதார், அவள்தான் என் மகள் எப்சிபா. வீட்டில் எப்சி. சுற்றி உட்கார்ந்து சளசளவென்று பேசுகிறதுகளே, அதுகள்தான் ரோபோ குழு. எல்லாம் பதினோராம் வகுப்பு. எப்சிக்கு முன்னால் எனக்கு ஒரு மகன். அவன் ஓசூரில் குடும்பமாக இருக்கிறான். இவள் முதலில் கார் செய்கிற கம்பெனியில் இருந்தாள். அங்கே மனிதர்களுக்குப் பதிலாக இரும்புக் கைகள்தான் வேலை செய்யுமாம். அந்தக் கைகளை ஆட்டிவைக்கிற வேலை இவளுக்கு. இப்போது வேறு கம்பெனி, வீட்டில் இருந்தே பார்க்கிறாள். பகல் வேலையை முடித்து கம்ப்யூட்டரை மூடினதும் தெருமுனைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். அங்கே ரோபோ குழுவுக்கு வழிகாட்டி. கழுத்தில் தொங்குகிற அட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவள் வழி காட்டி நான் பார்த்ததில்லை.

டீச்சர் சொன்ன மறுநாளே நான் போய்ப் பார்த்தேன். வேவு பார்க்க இல்லை. ஒரு தூக்குவாளியில் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறை. முன்பு பந்து, மட்டை எல்லாம் போட்டு வைத்திருந்த அறையாம். வாசலில் ஒரு பழைய மணி தொங்கியது. உள்ளே டீச்சர் சொன்னபடியேதான் இருந்தது. பிள்ளைகள் தரையில். என் மகள் நின்றுகொண்டு. கை இரண்டும் பின்னால்.

ரிஸ்வானா என்று ஒரு பிள்ளை. அதோ கண்ணாடி போட்டிருக்கிறதே, அதுதான். அது நிமிர்ந்து பார்த்து, "அக்கா, வளையும்போது சுண்டெலி கோட்டை விட்டு வெளிய போயிருது," என்றது. சுண்டெலி என்பது ரோபோவுக்கு அவர்கள் வைத்த பெயர். சோற்றுப்பானை மூடி அளவு இருக்கும். இரண்டு சக்கரம், முன்னால் இரண்டு கண், மண்வெட்டி மாதிரி ஒரு கை.

"வெளிய போகுதா?" என்றாள் எப்சி.

"ஆமாக்கா."

"ஏன் போகுது?"

அதைத்தானே தங்கச்சி அந்தப் பிள்ளை கேட்டது.

"ஸ்பீடு ஜாஸ்தியோ?"

"ஜாஸ்தியோ?"

"குறைச்சுப் பாக்கவா?"

"பாரேன்."

குறைத்தார்கள். அப்போதும் போனது. வேறு என்னவோ மாற்றினார்கள். அப்போதும் போனது. இவள் ஒரு தடவை குனிந்தாள். கை லேசாக முன்னால் வந்தது. உடனே பின்னால் கொண்டுபோய் ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், போலீஸ்காரர் திருடனைப் பிடிக்கிற மாதிரி. என் காப்பி ஆறி ஜில்லிட்டுப் போய்விட்டது. கடைசியில் அந்தப் பிள்ளையே சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்து, "அக்கா, ஒரு சக்கரம் இறுக்கமா இருக்கு, ஒண்ணு லூசா இருக்கு" என்று கத்தியது. என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவளுக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம்.

வரும் வழியில் கேட்டேன். "ஏட்டி, உனக்கு அது முதல்லயே தெரியுமா, தெரியாதா?"

"பாத்ததுமே தெரிஞ்சுது."

"தெரிஞ்சா சொல்லித் தொலையேன். பிள்ளைங்க எத்தனை நேரம் கிடந்து தவிக்குது."

"நான் சொன்னா அது என் ரோபோ ஆயிரும்மா."

"ஆகட்டுமே. நல்லா ஓடுமே."

அவள் சிரித்தாள். பெற்ற தாயைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, உங்கள் வீட்டிலும் இருக்கும். மணிக்கட்டில் சிவப்பாக விரல் பதிந்திருந்தது. வீட்டுக்குப் போய் அதில் கொஞ்சம் தைலம் பூசிவிட்டேன்.

நம்முடைய தைலம் என்றால் கடைத் தைலம் இல்லை. எங்கள் ஜெபவீட்டில் உபவாசக் கூட்டம் முடிந்து தருகிற எண்ணெய். தேங்காயெண்ணெய்தான். ஆனால் ஜெபித்தது. ஒரு சின்னப் பாட்டிலில் எப்போதும் என் பையில் இருக்கும். தலைவலி, காய்ச்சல், பரீட்சை, வேலைக்கான இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் அதுதான். மகன் வாங்கின பைக்குக்கும் அதில்தான் சிலுவை போட்டேன். இன்றுவரை அந்த பைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் இரண்டு தடவை விழுந்தான், பைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி அந்த அறைக்குப் போக ஆரம்பித்தேன். காப்பி கொடுக்கத்தான். ஒருநாள் போனபோது அறை முழுக்கப் புகை. செண்பகா என்கிற பிள்ளை மோட்டாரை எரித்துவிட்டது. நல்ல நீளமான சடை, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கும். அது சுவரோரம் ஒதுங்கி நிற்கிறது. சரி, இன்றைக்காவது என் மகள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணால் வாசல் மணியைக் காட்டினாள். அந்தப் பிள்ளை போய் மணியை அடித்தது. எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"நான் மோட்டாரை எரிச்சிட்டேன்," என்றது செண்பகா. "ஒயரை மாத்திக் குடுத்தா எரியும்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். அங்கே அதுதான் வழக்கமாம். தப்பு செய்தவர்கள் மணி அடித்துச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கை தட்ட வேண்டும். என் மகள் தன் கையைப் பின்னாலிருந்து எடுப்பது அதற்கு மட்டும்தான். என் அடுப்பில் எத்தனை தடவை பால் பொங்கி வழிந்திருக்கிறது, ஒருத்தரும் கை தட்டியது கிடையாது.

இதை எல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொல்கிறேன். ஏன் என்றால் அதே சமயம்தான் தலைமையாசிரியை ஒன்று சொல்லியிருந்தார்கள். இந்த வருஷம் மண்டலப் போட்டியில் ஜெயித்துச் சென்னைப் போட்டிக்குப் போகாவிட்டால் அறை கிடையாது. நீட் வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, பெற்றோர்கள் நெருக்குகிறார்கள். ஆனால் எப்சி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்த செண்பகா முதல்ல வந்தப்போ வாயே திறக்க மாட்டாம்மா," என்றாள். "எதைத் தொட்டாலும் ஒடைஞ்சிருமோன்னு பயம். வீட்ல அப்படிச் சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க. இப்போ மோட்டாரை எரிக்கிற அளவுக்கு வந்திருக்கா."

எரிக்கிற அளவுக்கு முன்னேறியிருக்கிறாளாம். நான் எழுந்து போய் முழங்காலில் நின்றேன். அதுவரை எப்சியின் கல்யாணத்துக்காக ஜெபிக்கிற நேரம் ஒன்று வைத்திருந்தேன். அந்த நேரத்தை அந்த அறைக்குக் கொடுத்தேன். கர்த்தருக்கும் ஒரு மாறுதலாக இருக்கும்.

மண்டலப் போட்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜில். துணைக்கு இன்னொரு பெரியவர் வேண்டும் என்றார்கள், நான் போனேன். அன்றைக்கு உபவாசம் வேறு எடுத்திருந்தேன், முடிவு தெரிகிறவரை பச்சைத் தண்ணீர்தான் என்று.

பெரிய ஹால். மேசைமேல் ஒரு குளம் வரைந்திருந்தார்கள். கறுப்புக் கோடுதான் கரை. சுண்டெலி கரையோடு போய், குளத்தில் கிடக்கிற பச்சைக் கட்டைகளை வாரி வெளியே தள்ள வேண்டும். பச்சைக் கட்டை என்பது ஆகாயத்தாமரை. எங்கள் ஊர்க் குளத்தில் கிடப்பதை அள்ள ஆள் இல்லை, இங்கே மேசையில் அள்ளுகிறார்கள். அதை விடுங்கள். இரண்டு தடவை ஓட்டலாம், எதில் மார்க் அதிகமோ அது கணக்கு. முதல் மூன்று குழு சென்னைக்குப் போகும். அதுபோக, எப்படிச் செய்தோம் என்று நடுவர்களிடம் பேசிக் காட்ட வேண்டும். அதில் நன்றாகப் பேசுகிற ஒரு குழுவும் போகலாம். ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மைக்கில் சட்டம் சொன்னார்கள். ரோபோவைப் பிள்ளைகள் மட்டும்தான் தொட வேண்டும். பெரியவர்கள் தொடக் கூடாது. யாராவது தொட்டுவிட்டால் அந்தக் குழுவே வந்து சொல்லிவிட வேண்டும், மார்க் குறையும். நல்ல சட்டம்தான் என்று நான் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான்தான் சாப்பிடவில்லையே. "எம்மா, யாரும் தொடாம பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு எப்சி போனாள்.

பார்த்துக்கொண்டேன். ஈ காக்கா அண்டவில்லை. எந்தப் பிள்ளையின் அப்பாவோ, ஒரு ஆள் வந்து, "அட, இதுதான் சுண்டெலியா" என்று குனிந்தார். "தொடாதீங்க தம்பி, பெரியவங்க தொடக் கூடாதுன்னு சட்டம்," என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் தனியாக உட்கார்ந்து சுண்டெலியைப் பார்த்தேன். பாவமாக இருந்தது தங்கச்சி. அத்தனை பெரிய ஹாலில் அத்தனை பெரிய பெரிய ரோபோக்கள். இது மட்டும் பானை மூடி மாதிரி. இதன் தலைமேல்தான் அந்த அறையே இருக்கிறது. ஜெபித்தேன். பாட்டிலை எடுத்து, இரண்டு சக்கரத்துக்கும் சிலுவை போட்டேன். நன்றாகவே போட்டேன், சுற்றி வரப் பூசினேன். ஓடுவது அதுதானே. கண் இரண்டுக்கும் போட்டேன். நான் தொடவில்லை. விரல் நுனியில் எண்ணெய் இருந்தது, எண்ணெய்தான் பட்டது. சுகமில்லாதவர்களுக்குச் செய்யும்போதும் தொட்டோம் என்று நாங்கள் சொல்வதில்லை, பூசினோம் என்றுதான் சொல்வோம்.

வந்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள், ஓட்டினார்கள். நேரான கரையில் நன்றாகத்தான் போனது. முதல் வளைவு வந்ததும் வழுக்கிக் குளத்துக்குள் இறங்கிவிட்டது. இறங்கினது அங்கேயே நின்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவே இல்லை. "சுண்டெலிக்குத் தலை சுத்துதுடோய்" என்று யாரோ பின்னால் சொல்ல, ஹாலே சிரித்தது. ஒரு பச்சைக் கட்டையைக்கூடத் தொடவில்லை.

பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்கள். ரிஸ்வானா அழுதுகொண்டே, "நான் எழுதின புரோகிராம்தான் தப்பு" என்றது.

எப்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "நேத்து எந்தப் புரோகிராம் ஓடுச்சு?"

"இதேதான்."

"அப்போ நேத்துலருந்து எது மாறியிருக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்த நேரத்தில்கூடக் கேள்வி. ஆனால் எனக்கு அவள் முதுகுப் பக்கம் தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெள்ளையாகப் போயிருந்தன.

செண்பகாதான் சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தது. விரலை மோந்து பார்த்தது.

"அக்கா, தேங்காயெண்ணெய்."

எல்லாரும் அதன் சடையைப் பார்த்தார்கள். "ஏய், என் தலையில இருக்குறது நல்லெண்ணெய், இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்று அது சண்டைக்கு வந்தது. எப்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சாப்பிடாமல் இருக்கிறேனே என்று பாவப்பட்டுப் பார்த்தாள் போலிருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னட்டி, தலைவலியா? தைலம் பூசவா?" என்று பாட்டிலை எடுத்தேன்.

"வேண்டாம்மா," என்றாள் கையை எடுக்காமலே.

பிள்ளைகள் எல்லாம் என் கையில் இருந்த பாட்டிலையே பார்த்தார்கள். வேண்டுமா என்று கேட்டேன். யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை.

ரிஸ்வானா மெதுவாக, "அக்கா, யாரும் பாக்கல," என்றது.

"ஆமா, யாரும் பாக்கல," என்றாள் எப்சி.

"சொன்னா மார்க் போயிரும். ரூமும் போயிரும்."

"போனாலும் போயிரும்."

"நீங்க என்ன சொல்றீங்கக்கா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது தங்கச்சி. இதுகூடவா? பெரியவள் நீ, படித்தவள், நல்லது கெட்டது சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறவள், இதிலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எப்படி? அவள் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். சொல்லத்தான் நினைத்தாள். வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டாள்.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டார்கள். செண்பகா முதலில் நகர்ந்தது. முன்னே எல்லாம் வாயைத் திறக்காது என்றேனே, அதே பிள்ளை. நேராக நடுவர் மேசைக்குப் போனது. மற்றதுகளும் பின்னால் போயின. நானும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே போனேன்.

"சார், எங்க ரோபோவை ஒரு பெரியவங்க தொட்டுட்டாங்க. சக்கரத்துல எண்ணெய் இருக்கு."

"யாரும்மா தொட்டது?"

"எங்க கூட வந்தவங்க சார். கெடுக்கணும்னு செய்யல. நல்லா ஓடணும்னுதான் செஞ்சாங்க."

நடுவர் என்னைப் பார்த்தார். நானும், ஆமாம் பாருங்கள், இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்கிற மாதிரி தலையை ஆட்டினேன். அந்தப் பிள்ளைக்கு என்ன மனசு. செய்தது யார் என்று தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. எங்களோடு வந்த டிரைவராக இருக்கலாம். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். அவருக்காகவும் ஒரு வார்த்தை ஜெபித்துக்கொண்டேன்.

அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் எண்ணெயை எடுக்க வேண்டும். தண்ணீரில் துடைத்தார்கள், போகவில்லை. செண்பகா திடீரென்று எழுந்து கேன்டீனுக்கு ஓடியது. திரும்பி வரும்போது கை நிறையக் கடலைமாவு. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டு வாங்கினதாம். "எங்கம்மா தலை எண்ணெயை இதை வச்சுத்தான் எடுப்பாங்க" என்று சக்கரத்தில் போட்டுத் தேய்த்தது. தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்தார்கள். கண்களை ரிஸ்வானா ஊதி ஊதித் தன் துப்பட்டா நுனியால் துடைத்தது. எப்சி தள்ளி நின்றாள். உதவிக்கு ஒரு துணிகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

இரண்டாவது தடவை சுண்டெலி அத்தனை கட்டைகளையும் வாரித் தள்ளிவிட்டது. ஹாலில் பஜ்ஜி வாசம். மார்க்கைக் குறைக்காமல் இருந்திருந்தால் முதல் இடம் என்று பக்கத்தில் சொன்னார்கள். குறைத்ததில் நாலாவது. மூன்று பேருக்குத்தான் சென்னை.

பிள்ளைகள் அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாமான்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கினார்கள். எப்சி நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வேலை பார்க்கிற இடத்தில் அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அதற்குள் பேசிக் காட்டுகிற சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் கதவுக்கு வெளியே. கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது என்று உள்ளே கேட்டார்களாம். பிள்ளைகள் எண்ணெயைச் சொல்லி, மாவைச் சொல்லி, மணியைச் சொல்லி, மோட்டார் எரிந்ததைச் சொல்லி, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். வழிகாட்டி உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு நடுவர் கேட்டிருக்கிறார். ரிஸ்வானா யோசித்துவிட்டு, "ஒண்ணுமே சொல்லிக்குடுக்கல சார், எங்களையே கேப்பாங்க," என்றதாம். எனக்கு மானமே போய்விட்டது. கனகமணி டீச்சர் சொன்னது இப்போது நடுவர் காதுவரைக்கும் போய்விட்டதே என்று.

நன்றாகப் பேசின குழுவுக்கான அந்தச் சென்னை இடத்தை எங்களுக்குத்தான் கொடுத்தார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜெபம்தான், வேறென்ன. பேர் வாசித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து எப்சியைக் கட்டிக்கொண்டதுகள். அவள் கை அப்போதும் பின்னால்தான் இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள். அப்படியே நின்று அழுதாள்.

மறுவாரம் அந்த அறையில் ஒரு சின்னக் கொண்டாட்டம். நான் அதிரசம் செய்து எடுத்துப் போனேன். தலைமையாசிரியையும் வந்து, அறை இந்த வருஷம் இருக்கட்டும், சென்னையில் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசலாம் என்றார்கள். அவர்கள் போனதும் செண்பகா எழுந்து போய் மணியை அடித்தது.

"அன்னைக்குத் தொட்ட பெரியவங்களுக்கு ஒரு கைதட்டு," என்றது.

எல்லாரும் தட்டினார்கள். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. ஒன்று மின்விசிறியைப் பார்க்கிறது, ஒன்று அதிரசத்தைப் பார்க்கிறது. டிரைவர் அங்கே இல்லை. இருந்தாலும் நான்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினேன். மன்னிக்கிறதை மனசாரச் செய்ய வேண்டும். எப்சி என் பக்கத்தில் வந்து நின்று என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் வைத்தது. என்ன நினைத்துக்கொண்டாளோ.

நாளைக்குச் சென்னையில் போட்டி. இந்த டப்பாவில் கடலைமாவு. பிள்ளைகள் என்னிடம் கொடுத்து, "ஆன்ட்டி, இது உங்க பொறுப்பு. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க. சுண்டெலி வெளிய இருக்குற நேரம் பூராவும் கீழயே வைக்கக் கூடாது," என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ பேர் இருக்க என்னிடம் கொடுத்தார்கள். முந்தாநாள் எப்சியும் ஒன்று சொன்னாள். "எம்மா, நீ ஜெபம் பண்ணு. நல்லாப் பண்ணு. ஆனா கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பண்ணு, என்னை மாதிரி."

அது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். நேற்று வீட்டில் செய்து பார்த்தேன். முடியவில்லை தங்கச்சி. அந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நினைத்து ஜெபிக்க ஜெபிக்கக் கை தன்னால் முன்னால் வருகிறது. இழுத்துப் பின்னால் வைத்தால் மறுபடியும் வருகிறது. கடைசியில் ஒரு கையால் மறு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஆமென் சொன்னேன். பார்த்தால் மணிக்கட்டில் சிவப்பாக விரல் பதிந்திருக்கிறது. இத்தனை நாளும் அவளுக்கு அது எதனால் வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. தைலம் பூசினதோடு சரி.

ஜெபித்த எண்ணெய் வழுக்காது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

திருமங்கலம் போய்விட்டது, உங்கள் ஊர் வந்துவிடும். பையை எடுத்து வைத்துக்கொண்டீர்களா? ஒரு சின்ன உதவி. டப்பாவை விட்டு என்னால் கையை எடுக்க முடியாது, என் பைக்குள் ஓரத்தில் ஒரு சின்னப் பாட்டில் இருக்கும், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூடி சரியில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால் பூசுங்கள். மதுரையில் இறங்கும்போது அதை உங்களோடு கொண்டுபோய்விடுங்கள். அதற்குள் நானே கேட்டாலும் தராதீர்கள்.